தன் சுருதியைத் தானே கூட்டும் கருவி

வீணை வாசிக்கப் புகுவோர் முதலிற் செய்வது பாட்டன்று, சுருதி கூட்டுதலே. தந்தி தளர்ந்திருப்பின் நாதம் எழாது. அளவுக்கு மிஞ்சி இறுகின் தந்தியே அறும். இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள ஒரு நிலையைச் செவியால் உணர்ந்து, பிரடையை அவ்விடத்தில் நிறுத்த வல்லவனே வித்துவான். ஆலைகளிலே உஷ்ணத்தையும் அழுத்தத்தையும் காத்து நிற்கும் கண்ட்ரோலர் என்னும் ஆளுகைக் கருவிக்கும் இத்தகைய சுருதி உண்டு. முன்னாளிற் பழகிய கைகளே நெடுநேரம் முயன்று கூட்டிவந்த அச்சுருதியை, இந்நாளில் அக்கருவி தானே சோதித்துத் தானே கூட்டிக்கொள்கின்றது. இஃது எங்ஙனம் கைகூடிற்று என்பதையும், இதன்பின் மனிதனுக்கு எஞ்சியுள்ள வேலை யாது என்பதையும் நம் கலாசாலை மாணவர்க்கு விளக்குவதே இவ்வியாசத்தின் நோக்கமாகும்.

முதலாவது, ஆளுகை என்பது யாதெனக் காண்போம். பாலிலுள்ள நோய்க்கிருமிகளைப் போக்கும்பொருட்டுப் பாற்பண்ணைகளில் அதனை 72 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் 15 விநாடி நேரம் வைத்துப் பின் விரைவிற் குளிரச் செய்வர். உஷ்ணம் குறையின் கிருமிகள் எஞ்சும், மிகுமாயின் பாலின் சுவை கெடும், நீராவியும் வீணாகும். சூடேற்றும் நீராவி ஒரு வால்வின் வழியே வருகின்றது. உஷ்ணமானி காட்டும் அளவையும் நாம் குறித்த அளவையும் இடைவிடாது ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கேற்ப அவ்வால்வைத் திறந்தும் மூடியும் நிற்பதே ஆளுகைக் கருவியின் தொழில். காகித ஆலையிற் கூழின் செறிவு, கொதிகலத்தில் நீரின் மட்டம், எண்ணெய்ச் சுத்திகரிப்புச் சாலையில் அழுத்தம் ஆகிய யாவும் இம்முறையிலேயே காக்கப்படுகின்றன.

இங்ஙனம் கண்ட வேறுபாட்டின்மேற் கருவி செய்யும் செயல் மூவகைப்படும். முதலாவது விகிதச் செயல். வேறுபாடு சிறிதாயின் வால்வைச் சிறிதும், பெரிதாயின் மிகுதியும் நகர்த்துவது இது. ஆயின் இஃதொன்றே போதாது. பாலின் வரத்து மிகும்பொழுது முன்னினும் அதிகமான நீராவி வேண்டும். வால்வு அங்ஙனம் அதிகம் திறந்து நிற்கவேண்டுமாயின் சிறிது குறைவும் உடன் நிற்றல் வேண்டும். குறைவு தீர்ந்த கணமே வால்வும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுமன்றோ? ஆதலின் இரண்டாவதாகத் தொகைச் செயல் வேண்டப்படுகின்றது. கணக்கப்பிள்ளை பழைய பாக்கியை மறவாது அடுத்த பக்கத்திற்கு எடுத்தெழுதுவது போல, இது குறைவு நீடித்த நேரத்தையும் அளவையும் கூட்டிக்கொண்டே சென்று, அது முற்றும் தீருமளவும் வால்வை நகர்த்தும். மூன்றாவது வேகச் செயல். உஷ்ணம் எவ்வளவு விரைவாக மாறுகின்றது என்பதை நோக்கி, வரப்போவதை முன்னரே உணர்ந்து தடுப்பது இது. இம்மூன்று செயல்களின் வலிமையையும் வரையறுக்க மூன்று குமிழ்கள் உண்டு. அவற்றை எவ்விடத்தில் நிறுத்துவது என்பதே சுருதி கூட்டும் வேலையாம்.

மூன்றையும் மிகுதியாகவே வைத்துவிட்டால் வேலை விரைவாக நடவாதோ என ஒருவர் வினவலாம். நடவாது. ஏரியின் மதகையும் கடைமடை வயலையும் நினைத்துப் பார்க்க. மதகைத் திறந்த நீர் கால்வாய் வழியே சென்று கடைமடையை அடைய அரை நாள் செல்லுமென்று வைத்துக்கொள்வோம். வயல் காய்கின்றது என்ற சொற்கேட்டு மதகு காப்போன் கதவை உயர்த்துகின்றான். நீர் இன்னும் வரவில்லை என்று மறுபடியும் ஆள் வருகின்றான். காப்போன் மேலும் உயர்த்துகின்றான். அரை நாள் கழித்து நீர் ஒருமிக்கச் சென்று பயிரை மூழ்கடிக்கின்றது. ஐயோவென்று கதவை அடைக்கின்றான். மறுநாள் வயல் மறுபடியும் காய்கின்றது. அவனிடத்திற் சுறுசுறுப்புக் குறைவில்லை. அவனுக்கு இல்லாதவை இரண்டு அறிவுகளே. கதவை ஒரு சாண் உயர்த்தினால் வயலில் எவ்வளவு நீர் ஏறும் என்பது ஒன்று. அந்நீர் சென்று சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது மற்றொன்று. எவ்வளவு, எவ்வளவு நேரம் என்னும் இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டவனே சுருதி கூட்ட வல்லவன். இனிவரும் வரலாறு முழுவதும் இவ்விரு விடைகளைத் தேடிய வரலாறேயாம்.

மாவாலைகளில் முன்னமே வழங்கிய சுழல்குண்டுக் கருவியை ஜேம்ஸ் வாட் 1788-ம் ஆண்டில் நீராவி யந்திரத்திற்கு அமைத்தார். யந்திரம் விரைந்து சுழலின் இரு குண்டுகள் அகன்று உயர்ந்து நீராவியைக் குறைக்கும். தளரின் அவை தாழ்ந்து நீராவியை மிகுவிக்கும். ஆயினும் இக்கருவிகளிற் சில, வேகத்தை நிலைநிறுத்துவதற்கு மாறாக, மேலும் கீழுமாக ஓயாது அலைக்கழித்தன. இதன் காரணத்தை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் 1868-ம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தில் வெளியான ஒரு கட்டுரையிற் கணித முறையால் ஆராய்ந்தார். பின்னர், ருஷியாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய நிக்கொலஸ் மினார்ஸ்கி என்பார், கப்பலின் சுக்கான் பிடிக்கும் தேர்ந்த மாலுமியின் கைத்திறனை ஆராய்ந்து, அவன் கப்பல் எவ்வளவு விலகியது என்பதை மட்டுமன்றி, எவ்வளவு விரைவில் விலகுகின்றது என்பதையும் உணர்ந்தே சுக்கானைத் திருப்புகின்றான் எனக் கண்டு, மேற்கூறிய மூவகைச் செயல்களின் கணித இலக்கணத்தை 1922-ல் வெளியிட்டார். ‘நியூ மெக்சிகோ’ என்னும் போர்க்கப்பலில் அது சோதிக்கவும் பட்டது. ஆயினும் கப்பலில் உள்ளோரின் எதிர்ப்பினாற் கடற்படை அதனை ஏற்றுக்கொள்ளவில்லை என்பர். தம் கைத்திறனைக் கருவி கவர்ந்து கொள்ளுமோ என்னும் அச்சம் இன்று நேற்று உண்டானதன்று.

ஆலைகளில் இக்கருவிகள் காற்றழுத்தத்தால் இயங்குவனவாக 1930-க்குப் பின் பெருகின. கருவி விற்போர் மூன்று குமிழ்களை அமைத்துத் தந்தனரேயன்றி, அவற்றை எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லத் தெரியாது இடர்ப்பட்டனர். அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரிலிருந்த டெய்லர் கருவிக் கம்பெனியைச் சேர்ந்த ஜீக்லர், நிக்கல்ஸ் என்னும் இருவர் இக்குறையைத் தீர்க்க முயன்று, 1942-ல் ஒரு முறையை வெளியிட்டனர். அம்முறை வருமாறு:

தொகைச் செயலையும் வேகச் செயலையும் நிறுத்திவிட்டு, விகிதச் செயலின் பெருக்கத்தை மட்டும் சிறிது சிறிதாக உயர்த்துக. ஓரளவில் உஷ்ணம் வளராமலும் அடங்காமலும் ஒரே சீராக ஊசலாடத் தொடங்கும். அப்பொழுதுள்ள பெருக்கத்தை எல்லைப் பெருக்கம் என்றும், ஓர் ஊசலுக்குச் செல்லும் காலத்தை எல்லைக் காலம் என்றும் குறித்துக்கொள்க. பின்னர்ப் பெருக்கத்தை எல்லைப் பெருக்கத்தில் 0.6 பங்காகவும், தொகைச் செயலின் காலத்தை எல்லைக் காலத்திற் பாதியாகவும், வேகச் செயலின் காலத்தை எல்லைக் காலத்தில் எட்டில் ஒரு பங்காகவும் வைக்க. தந்தி அறும் எல்லையைத் தொட்டறிந்து, பின் அதினின்றும் தளர்த்துவது போன்ற முறை இது. எல்லைப் பெருக்கம் ‘எவ்வளவு’ என்னும் வினாவிற்கும், எல்லைக் காலம் ‘எவ்வளவு நேரம்’ என்னும் வினாவிற்கும் விடையாதல் காண்க.

இம்முறை அரியதேயாயினும் இதன்கண் ஓர் இடர் உண்டு. எல்லையைச் சிறிது கடந்தாலும் ஊசலாட்டம் அடங்காது வளர்ந்துகொண்டே செல்லும். ஆலை ஓடும்பொழுது அதனை அபாயத்தின் விளிம்பில் நிறுத்திச் சோதிக்க யார் துணிவர்? அன்றியும், மெதுவாக மாறும் உஷ்ணமாயின், ஒவ்வொரு முறையும் பெருக்கத்தைச் சிறிது உயர்த்திக் காத்திருந்து பார்ப்பதிற் பொழுதெல்லாம் கழியும். ஆகையாற் குமிழ்களை ஏதோ ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கருவியின்மேற் பழிபோட்டு, வால்வைக் கையால் திருகியே காலங்கழித்தல் பல ஆலைகளில் வழக்கமாயிற்று.

இவ்விடரை நீக்கும் எளிய உபாயம் ஒன்றை ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த கார்ல் யோஹான் ஆஸ்ட்ரோம், டோர் ஹேகுலுண்ட் என்னும் இருவரும் 1984-ல் வெளியிட்டனர். சோதனை நடக்கும் சிறு பொழுதுக்கு ஆளுகைக் கருவியை விலக்கிவிட்டு, அதனிடத்தில் ரிலே என்னும் இருநிலைத் திறப்பானை வைப்பதே அவ்வுபாயம். உஷ்ணம் குறித்த அளவிற்குக் கீழிறங்கின் ரிலே வால்வை நடுநிலையினின்றும் ஒரு படி மிகுதியாகத் திறக்கும். மேலேறின் ஒரு படி குறைக்கும். இவ்விரண்டன்றி வேறொன்றும் அறியாது. மின்சார இஸ்திரிப் பெட்டியின் உள்ளே இருப்பதும் இத்தகையதே. நீராவியின் மாறுதல் உஷ்ணமானியை எட்டச் சிறிது காலம் செல்வதால், உஷ்ணம் குறித்த அளவைக் கடந்து ஏறும். பின் கடந்து இறங்கும். இரண்டு மூன்று முறைக்குள் அது ஓர் ஒழுங்கான ஊசலாட்டமாக அமையும்.

இதில் வியப்பு யாதெனின், இவ்வூசலாட்டத்தின் காலம் ஜீக்லரும் நிக்கல்ஸும் தேடிய எல்லைக் காலத்திற்குப் பெரும்பாலும் ஒத்திருப்பதாம். இரண்டிடத்தும் வால்வு உஷ்ணத்தின் விலகலுக்கு நேர் எதிராகவே அசைகின்றது. இரண்டிடத்தும் அவ்வசைவின் பயன் சரியாக அரை ஊசல் தாமதித்து வரும்பொழுதே ஆட்டம் ஓயாது நிற்கும். எனவே அக்காலத்தை ஒருவரும் முன்னறிந்து சொல்ல வேண்டுவதில்லை. ஆலையே அதனைத் தேடிக் கொள்கின்றது. ஊசலின் உயரமும் எல்லை கடந்து வளராது. ஏனெனில், ரிலே வால்வை அசைக்கும் படி ஒரே அளவினது. அப்படியைச் சிறிதாக்கின் ஊசலும் சிறிதாம். பழைய முறையின் அபாயம் இவ்வாறு நீங்கிற்று.

எல்லைப் பெருக்கத்தைக் காண்பதற்குச் சிறிது கணிதம் வேண்டும். திரும்பத் திரும்ப வரும் எவ்வகை அலையும் பல எளிய அலைகளின் கூட்டமே என்பது பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பூரியே 1822-ல் வெளியிட்ட வெப்பவியல் நூலிற் கையாண்ட கொள்கை. ரிலேயினின்று எழும் சதுர அலையில் முதன்மையான எளிய அலையின் உயரம் ரிலேயின் படியைப்போல் ஏறக்குறைய 1.27 மடங்கு, நான்கைப் ‘பை’ என்னும் எண்ணால் வகுத்த ஈவு அது. எஞ்சிய விரைந்த அலைகள், தடித்த பாத்திரத்தின்மேல் வீசிய சிறு காற்றுப் போல, ஆலையின் நிறையிலேயே தேய்ந்தொழியும். ஆகவே வால்வின் பக்கம் புகுந்த அலையின் உயரத்தை உஷ்ணத்தின் பக்கம் வெளிவந்த அலையின் உயரத்தால் வகுக்க எல்லைப் பெருக்கம் கிடைக்கும்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்குவோம். பாலைச் சூடேற்றும் ஓர் அமைப்பில் ரிலே வால்வை நடுநிலையினின்று நூற்றுக்கு 5 பங்கு மேலும் கீழும் அசைக்கின்றது என்றும், அதனால் உஷ்ணம் நடுவினின்று 2 டிகிரி மேலும் கீழும் ஊசலாடுகின்றது என்றும், ஓர் ஊசலுக்கு 80 விநாடி செல்கின்றது என்றும் கொள்வோம். 5-ஐ 1.27-ஆற் பெருக்கி 2-ஆல் வகுக்க, டிகிரி ஒன்றுக்கு நூற்றுக்கு 3.18 பங்கு என எல்லைப் பெருக்கம் வருகின்றது. எல்லைக் காலமோ 80 விநாடி. ஜீக்லர், நிக்கல்ஸ் விதிப்படி பெருக்கம் 1.91, தொகைச் செயலின் காலம் 40 விநாடி, வேகச் செயலின் காலம் 10 விநாடி. நாலைந்து ஊசல்களைப் பார்த்தாற் போதுமாகையால், ஏழு நிமிஷத்திற்குள் வேலை முடிந்தது. கருவியினுள் இருக்கும் சிறு கணக்கிடும் யந்திரம் ஊசலின் உயரத்தையும் காலத்தையும் தானே அளந்து, இக்கணக்கைத் தானே செய்து, குமிழ்களின் அளவையும் தானே அமைத்துக் கொள்கின்றது. தொழிலாளி செய்வது ஒரு பொத்தானை அழுத்துதலே. இங்ஙனம் உஷ்ணம் ஏறியிறங்கும் சோதனையை விற்பனைக்குரிய பாலை வைத்துச் செய்யலாகாது. குழாய்களில் நீரை ஓடவிட்டுச் செய்தலே முறையாம் என்பது சொல்லாமலே விளங்கும்.

பழைய விதிகள் சற்று முரட்டுத்தனமானவை என்பதும் பிற்காலத்தில் உணரப்பட்டது. அவ்விருவரும் ஒவ்வோர் ஊசலும் முந்தியதில் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தாற் போதுமென்று கொண்டனர். ஆயின் மெல்லென அடங்குவதே பல ஆலைகளுக்கு ஏற்றது. ஆகலின் நார்வே தேசத்து சிகுர்டு ஸ்கோகெஸ்டாடு 2003-ல் வெளியிட்டவை போன்ற மென்மையான விதிகள் இக்காலத்தில் விரும்பப்படுகின்றன. எவ்விதியைக் கொள்ளினும் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்னும் இரு விடைகளே அதற்கு அடிப்படை.

இவ்வளவும் கேட்ட மாணவர், இனி மனிதன் எதற்கு என்று எண்ணலாகாது. பிரடை நழுவும் வீணைக்குச் சுருதி கூட்டிப் பயன் யாது? வால்வின் தண்டு பொதியலில் இறுகப் பற்றிக்கொள்வதுண்டு. அப்பொழுது கருவி சிறிது தள்ளினால் வால்வு அசையாது. மேலும் தள்ளினால் ஒருமிக்கக் குதிக்கும். இதனால் எழும் ஊசலாட்டம் சுருதிக் குறைவால் எழுவது போலவே தோன்றும். பொத்தானை அழுத்தின், கருவி பற்றிக்கொண்ட வால்வையும் சேர்த்தே அளந்து, பொய்யான எண்களை உண்மை போல் அமைத்துக்கொள்ளும். அவ்வூசலாட்டம் எவ்வகைச் சுருதியாலும் முற்றும் தீராது. தீர்க்கும் வழி, கருவியைக் கையாளுகைக்கு மாற்றி, வால்வைச் சிறு சிறு படியாக அசைத்து, உஷ்ணம் உடன் அசைகின்றதா என்று பார்த்து, அசையாதாயின் வால்வைப் பழுது பார்த்தலே. சோதனையின் நடுவே பாலின் வரத்தோ நீராவியின் அழுத்தமோ மாறினும் விடை பிழைபடும். அம்மாறுதலும் தன் செயலின் பயனே என்று கருவி எண்ணிவிடும்.

வேறொரு குறையும் உண்டு. அமிலக் கழிவு நீரிற் காரம் சேர்த்து நடுநிலையாக்கும் வேலையை நோக்குக. நடுநிலைக்கு வெகு தூரத்தில் ஒரு படி காரம் சேர்த்தாலும் மாறுதல் மிகச் சிறிது. நடுநிலையை நெருங்கியவுடன் ஒரு துளியே பெரிய மாறுதலை உண்டாக்கும். ஓரிடத்திற் கூட்டிய சுருதி மற்றோரிடத்தில் அபசுரமாகும். ஆதலின் இத்தகைய இடங்களில் ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியே சோதித்து, அந்த எண்களை ஒரு பட்டியலாக்கிக் கருவியினிடம் ஒப்புவிப்பர்.

அப்படியாயின் பொத்தான் எதற்கு, கருவி எந்நேரமும் தன்னைத் திருத்திக்கொண்டே இருக்கலாகாதா எனின், அதுவும் முயலப்பட்டதுண்டு. ஆஸ்ட்ரோமும் விட்டன்மார்க்கும் 1973-ல் இவ்வகை ஆளுகையின் இலக்கணத்தை ஆராய்ந்து எழுதினர். ஆயினும் இதிற் கவனம் மிக வேண்டும். ஆலை நெடுநேரம் அமைதியாக ஓடும்பொழுது கருவிக்குக் கற்கப் புதிய செய்தி ஒன்றும் இராது. பழையதையோ அது மறந்துகொண்டே வரும். பின் ஒரு மாறுதல் வருங்கால் அது தடுமாறும். தன்னைத் தானே திருத்தும் ஆளுகை விமானத்திலும் கையாளப்பட்டது. அமெரிக்காவின் எக்ஸ்-15 என்னும் அதிவேக விமானங்களுள் ஒன்று 1967-ம் ஆண்டு நவம்பர் 15-ந் தேதி திசை தவறிச் சுழன்று விழலாயிற்று. அச்சுழற்சியினின்று மீண்டபின், தன்னைத் திருத்தும் ஆளுகை ஓர் ஓயாத ஊசலாட்டத்திற் சிக்கித் தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ள மாட்டாது நிற்க, விமானம் ஆகாயத்திலேயே சிதைந்தது. அதனை ஓட்டிய மேஜர் மைக்கேல் ஆடம்ஸ் உயிர் நீத்தார். அவ்விபத்திற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் தன்னைத் திருத்தும் கருவியையும் ஒருவர் நோக்கியிருத்தல் வேண்டும் என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆலைகளில் இன்று பெரிதும் விரும்பப்படுவது, மனிதன் ஆலையின் நிலையை ஆராய்ந்து, தக்க சமயம் பார்த்து அழுத்தும் பொத்தானே.

மீண்டும் பாற்பண்ணைக்கு வருவோம். 72 டிகிரிக்குக் குறைந்த பாலைத் திரும்பவும் சூடேறுமிடத்திற்கே அனுப்பும் காவல் வால்வு ஒன்று அங்கே உண்டு. சுருதி கெட்டு உஷ்ணம் ஊசலாடின் பால் அடிக்கடி திரும்பி வேலை தடைப்படும். அதனைத் தவிர்க்கத் தொழிலாளி குறித்த அளவையே நாலு டிகிரி உயர்த்தி வைத்துவிடுவான். அன்று முதல் விறகோ நிலக்கரியோ எண்ணெயோ வீணாகிக்கொண்டே இருக்கும். பாலும் வெந்த சுவை பெறும். காரணம் இன்னதென்று ஒருவரும் கேளார். ஏழு நிமிஷச் சோதனை இந்நஷ்டத்தைப் போக்கும். ஆனால் சோதனைக்கு முன் வால்வு பற்றுகின்றதா, உஷ்ணமானி மெய் சொல்லுகின்றதா என்று இரு கேள்விகளைக் கேட்பவன் ஒருவன் அங்கே இருத்தல் வேண்டும். இவ்விரண்டையும் கருவி கேளாது. தன்னிடம் தந்த எண்ணை அது நம்பும்.

மினார்ஸ்கியின் கருவிக்கு அஞ்சிய மாலுமிகள் தம் கைத்திறன் பறிபோகும் என்று நினைத்தனர். உண்மையில் அவர் கைத்திறனை ஆராய்ந்தே அக்கருவி பிறந்தது. பௌதிகமும் கணிதமும் பயிலும் நம் மாணவர் நாளை ஆலைகளிற் புகுந்து இத்தகைய பொத்தான்களின் முன் நிற்பர். அழுத்துமுன் வால்வைத் தொட்டுப் பார்த்தும், அழுத்தியபின் கருவி கூறும் எண்கள் எவ்வளவு, எவ்வளவு நேரம் என்னும் வினாக்களுக்குப் பொருந்துகின்றனவா என்று தாமே கணக்கிட்டும் அவர் வேலை செய்வாராயின், அவர் கையிற் கருவியும் நன்கு பயன்படும்; அவர் கற்ற கல்வியும் வீண்போகாது.